‘எப்படித் தெரியும்?’ என்று கேட்ட மகள்

கேள்வி: சேரன்மகாதேவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒரே மகள். பிளஸ் டூவில் 600-க்கு 561 மார்க். இன்ஜினியரிங், இல்லையென்றால் பி.எஸ்சி. நர்சிங் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று, மெட்ராஸில் போய் பி.ஏ. தத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள். போன தை மாதம் எங்கள் அம்மா தவறிப்போனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, ‘ஆச்சி இப்போ எங்கே இருப்பா?’ என்று கேட்டாள். சாமிகிட்ட போயிட்டா என்றேன். ‘எப்படித் தெரியும்?’ என்றாள். எனக்குக் கோபம் வந்து ஏசிவிட்டேன். அதிலிருந்துதான் இந்தப் பேச்சு. நம்ம பக்கத்தில் யாரும் இதைப் படித்து நான் பார்த்ததில்லை. சாமியாராகப் போனவன் எல்லாம் தத்துவம் பேசுகிறவனாகத்தான் இருக்கிறான். வேலை கிடைக்குமா? ஐ.ஏ.எஸ்.ஸுக்கு நல்லது என்று ஒருத்தர் சொல்கிறார், நிஜமா? முதலில் இன்ஜினியரிங் முடி, அப்புறம் எதை வேண்டுமானாலும் படி என்று சொல்லலாமா? மனுஷன் எதற்காக இதைத் தேடிப் போய்ப் படிக்கிறான், அதை முதலில் சொல்லுங்கள்.

பதில்:

அண்ணாச்சி, தத்துவம் நடத்திச் சம்பளம் வாங்கிய ஆள் நான். அதனால் என் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எதற்காகத் தேடிப் போய்ப் படிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். பல பேர் தேடிப் போவதே இல்லை. டாக்டர் ராதாகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம், படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களை அவரிடம் கொடுத்துவிட்டார். காசு கொடுத்து வேறு புத்தகம் வாங்க வசதி இல்லாத வீடு. சும்மா கிடைத்த புத்தகம் எதுவோ அதுவே பாடம் என்று ஆகிவிட்டது. 1909-இல் மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியராகச் சேர்ந்தார், பிறகு ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், 1962-இல் நாட்டுக்கே குடியரசுத் தலைவர். இத்தனைக்கும் ஆரம்பம், பழைய புத்தகம் இலவசமாகக் கிடைத்தது.

பாளையங்கோட்டைப் பக்கம் குருமடத்தில் படிக்கும் பையன்களைக் கேட்டால் வேறொரு காரணம் சொல்வார்கள். கத்தோலிக்கக் குருவாகப் போகிறவர்கள் இறையியலுக்கு முன்னால் தத்துவம் படித்தே ஆக வேண்டும். அது அவர்கள் சபையின் விதி. அவர்களில் சிலருக்கு அந்த வருஷங்கள் எப்போது முடியும் என்று இருக்கும். சிலர் அதிலேயே ஆழ்ந்துவிடுவார்கள்.

என் வகுப்புக்கு வந்தவர்களும் அப்படித்தான், கலந்து கட்டி வந்தார்கள். கடவுளோடு சண்டை போட வந்தவன், கடவுளைக் காப்பாற்ற வந்தவன், பி.காம். சீட் கிடைக்காததால் வந்தவள், கட்சி மேடையில் பேசிப் பேசி இங்கே வந்து சேர்ந்தவன், ஹாஸ்டல் கிடைக்கும் என்பதற்காக மட்டும் வந்தவள். முதல் நாள் எல்லாரிடமும் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பேன். அழகழகாகப் பதில் வரும். ஆனால் அந்தப் பதிலை வைத்து யார் தேறுவார்கள் என்று சொல்லவே முடியாது. ‘வாழ்க்கையின் பொருளைத் தேடி வந்தேன்’ என்று சொன்ன பையன் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பி.காம். கிடைக்காத பெண் எம்.ஏ. வரைக்கும் போனாள்.

ஏன் என்று பிறகு எனக்குப் புரிந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு வருகிற காரணம் வேறு, உட்கார வைக்கிற காரணம் வேறு. உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் முதலாவதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். பார்க்க வேண்டியது இரண்டாவதை.

அந்த ராத்திரி அவள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். ‘ஆச்சி இப்போ எங்கே இருப்பா?’ என்பது, ஆச்சியைப் பறிகொடுத்த எந்தப் பிள்ளையும் கேட்பது. அதற்கு நீங்கள் சொன்ன பதிலும் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் சொல்லி வருகிற பதில்தான், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி வேறு ஜாதி. ‘எப்படித் தெரியும்?’ என்று அவள் கேட்டது ஆச்சியைப் பற்றி இல்லை, உங்கள் பதிலைப் பற்றி. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பதில் எந்தக் காலில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறாள்.

அது எதிர்த்துப் பேசுவதாக உங்களுக்குப் பட்டிருக்கும். அன்றைக்கு உங்கள் மனசு இருந்த நிலையில் யாருக்கும் அப்படித்தான் படும். ஆனால் நம் சைவ சித்தாந்தமே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. ஒன்றை அறிவதற்கு என்ன வழி என்பதற்கு ‘அளவை’ என்று பெயர் வைத்து, காட்சி, கருதல், உரை என்று மூன்றாக வகுத்திருக்கிறார்கள். கண்ணால் கண்டது காட்சி. கண்டதை வைத்துக் காணாததைத் தீர்மானிப்பது கருதல். நம்பத் தகுந்தவர் வாக்கிலிருந்து அறிவது உரை. நீங்கள் சொன்னது மூன்றாவது வகை. உங்கள் மகள் மற்ற இரண்டில் ஏதாவது உண்டா என்று கேட்கிறாள். சிவஞான சித்தியார் என்கிற சித்தாந்த நூலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எல்லா விவாதத்துக்கும் முன்னால் அதை வைத்திருக்கிறார்கள். திருவாவடுதுறை ஆதீனத்தின் சித்தாந்த வகுப்புக்குப் போய் வருகிறவர் யாராவது உங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்தால் கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். தத்துவம் துக்கத்துக்கு மருந்து இல்லை. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, சிநேகிதிகளோடு முன்போலப் பேசுகிறாளா, கடையில் உங்களுக்குக் கூடமாட நிற்கிறாளா என்று கவனியுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. மாறாக, எதிலும் பிடிப்பு இல்லாமல், எல்லாரையும் விட்டு விலகி, ‘இருந்து என்ன ஆகப்போகிறது’ என்கிற மாதிரி பேசினால் கல்லூரிப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. துக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பாடப்புத்தகத்தில் ஆறுதல் தேடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். புத்தகம் அவர்களைக் கைவிட்டுவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. 561 மார்க் வாங்கியிருக்கிறாள், அதுவும் தை மாதத்துக்கு அப்புறம் பரீட்சை எழுதி.

அடுத்தது, நம்ம பக்கத்தில் யாரும் இதைப் படித்ததில்லை என்றீர்களே. அண்ணாச்சி, இதை நான் விட மாட்டேன்.

உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பாடிய ‘நீராருங் கடலுடுத்த’ ஒரு தத்துவப் பேராசிரியர் எழுதியது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1880-இல் தத்துவத்தில் எம்.ஏ. முடித்தவர், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். அதற்கு முன் திருநெல்வேலியில், பின்னால் இந்துக் கல்லூரி ஆன பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்திருக்கிறார். அவருக்கு வேதாந்தம் சொல்லிக் கொடுத்த குரு யார்? உங்களுக்குப் பக்கத்திலேயே, தாமிரபரணிக் கரையில் இருக்கும் கோடகநல்லூர்க்காரர், சுந்தர சுவாமிகள். பகலில் ஐரோப்பியத் தத்துவம் நடத்திய மனிதர் நம் ஆற்றங்கரைச் சாமியாரிடம் பாடம் கேட்டிருக்கிறார். இந்தச் சீமையின் பல்கலைக்கழகத்துக்கு 1990-இல் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பெயர்ப் பலகையைத் தினமும் பார்க்கிறோம், அவர் என்ன வாத்தியார் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னும் கொஞ்சம் மேற்கே போங்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரம். மில்லுக்குப் பேர் போன ஊர் என்றுதான் நமக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர் சிவஞான முனிவர். சைவ சித்தாந்தத்துக்கு மூல நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் வெறும் 12 சூத்திரம். அதற்கு இவர் எழுதிய மாபாடியம் என்கிற உரை ஒரு கடல். அந்தப் பன்னிரண்டு சூத்திரத்தையும் மெய்கண்டாரே மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து நிறுவிக்கொண்டு போகிறார். அதாவது, நான் இன்னது சொல்கிறேன், காரணம் இன்னது, உதாரணம் இன்னது. முதல் சூத்திரத்தில் கடவுள் உண்டு என்பதையே ‘நம்பு’ என்று சொல்லி விட்டுவிடவில்லை, காரணம் காட்டித்தான் சொல்கிறார்.

பழைய திருநெல்வேலி ஜில்லாவைக் கணக்கில் எடுத்தால் ஆழ்வார்திருநகரியும் நம்முடையதுதான். புளியமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்த நம்மாழ்வாரிடம் மதுரகவி கேட்ட கேள்வி உங்களுக்கும் தெரிந்திருக்கும். ‘செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?’ அறிவில்லாத உடம்புக்குள் அறிவுள்ள உயிர் வந்து சேர்ந்தால் அது எதை அனுபவித்துக்கொண்டு எங்கே இருக்கும் என்று விளக்கம் சொல்வார்கள். ‘அத்தைத் தின்று அங்கே கிடக்கும்’ என்று பதில் வந்ததாம். குருபரம்பரைக் கதைதான், இருக்கட்டும். உடம்புக்கும் உயிருக்கும் என்ன உறவு என்கிற இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் உலகத்துப் பல்கலைக்கழகங்களில் தனிப் பேப்பர் இருக்கிறது. உங்கள் மகள் ஆச்சியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

ஆக, வழிவழியாக வந்த காரியத்தைத்தான் பிள்ளை கேட்கிறாள். ஆனால் அதற்காகவே அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பழம்பெருமை செமஸ்டர் பீஸ் கட்டாது.

சாமியார் விஷயத்துக்கு வருகிறேன். சாமியார்கள் தத்துவம் பேசுகிறார்கள். என் மகள் தத்துவம் பேசுகிறாள். ஆகவே என் மகள் சாமியாராகப் போவாள். உங்கள் பயத்தைப் பிரித்து எழுதினால் இப்படித்தான் வருகிறது. ஆட்டுக்கு நாலு கால், கட்டிலுக்கும் நாலு கால், ஆகவே கட்டில் ஒரு ஆடு என்கிற கணக்கு இது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரிப் பிசகை எங்கே என்று விரல் வைத்துக் காட்டுவதுதான் அவள் முதல் வருஷம் படிக்கப் போகிற பாடம். தர்க்கம் என்று பெயர். சாம்பிராணி வாசனை எல்லாம் அதில் வராது. கணக்கு மாதிரி வறண்டு இருக்கும்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் நாட்டுப் பழைய தர்க்க மரபான நியாய தரிசனத்தின் அனுமானம், அதாவது மேலே சொன்ன கருதல், நடத்திக்கொண்டிருந்தேன். ஐந்து உறுப்பு. மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கெல்லாம் புகையோ அங்கெல்லாம் நெருப்பு, அடுக்களையில் பார்க்கிற மாதிரி. இந்த மலையிலும் அப்படிப்பட்ட புகை. ஆகவே மலையில் நெருப்பு. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இந்த நாட்டில் எல்லா வாத்தியாரும் சொல்லுகிற அதே மலை, அதே புகை. போர்டில் எழுதி முடித்து, எல்லாருக்கும் சரியா என்று கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். பாபநாசத்துப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, ‘மிஸ், எங்க ஊர்ல ஐப்பசி கார்த்திகையில பொதிகை மலை முழுக்க அப்படித்தான் தெரியும். அது புகையில்லை, மேகம்’ என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. புகை போலத் தெரிவது புகைதானா என்பதை உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பதைத்தான் அடுத்த வாரம் நடத்துவதாக இருந்தேன்; சரியான காரணம் போலவே இருந்து ஏமாற்றுகிறவற்றுக்குத் தனிப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். மலையடிவாரத்திலிருந்து வந்த பெண் அதற்கு முன்பே அங்கே போய் நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணை உட்கார வைத்த காரணம் அதுதான். மற்றவர்களுக்கு மூன்று வருஷம் போதும் என்று இருந்தது, அவளுக்கு மட்டும் பத்தவில்லை.

உங்கள் மகளிடம் இந்தக் குணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு ராத்திரி ‘எப்படித் தெரியும்’ என்று கேட்டது நல்ல அடையாளம். ஆனால் ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டினால் நானும் மேகத்தைப் புகை என்று சொன்னவளாகிவிடுவேன். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் காசு, வேலை.

பி.ஏ. தத்துவம் மட்டும் முடித்துவிட்டு வந்தால் திருநெல்வேலியில் அதற்கென்று ஒரு வேலையும் இல்லை. இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பம் இல்லை. பள்ளி ஆசிரியை ஆவதற்கும் இது நேர்வழி ஆகாது. நம் பள்ளிக்கூடங்களில் தத்துவம் என்று ஒரு பாடம் கிடையாது. ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்று பிளஸ் டூவில் ஒன்று உண்டு, அதை எடுப்பவர்கள் குறைவு. கல்லூரியில் நடத்த வேண்டுமென்றால் எம்.ஏ., பிறகு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு, பெரும்பாலும் பிஎச்.டி.யும் என்று போக வேண்டியிருக்கும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். அதுவரைக்கும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். பணியிடங்கள் கொஞ்சம்தான்.

ஆனால் ‘எந்தப் பட்டமும்’ என்று கேட்கிற இடத்தில் எல்லாம் இதுவும் பட்டம்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகள், அப்புறம் மூன்று வருஷச் சட்டப் படிப்பு. என்னைக் கேட்டால் இதில் சட்டம்தான் நல்ல பொருத்தம். வாதத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, தீர்ப்பைப் படித்துக் குறிப்பெடுப்பதில் சளைக்காது. சட்டக் கல்லூரி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. அந்த மூன்று வருஷம் வீட்டுச் சாப்பாடு.

ஐ.ஏ.எஸ்.ஸுக்கு நல்லது என்று சொன்னவர் பாதி சரி. மெயின் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள், தாளுக்கு 250 மார்க். பாடத்திட்டம் மற்ற பாடங்களோடு ஒப்பிட்டால் சின்னது, அதனால் பலர் எடுக்கிறார்கள். 2013 முதல் அறநெறி என்று 250 மார்க்குக்குப் பொதுத் தாள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆனால் விருப்பப் பாடமாக எடுக்க அதில் பட்டம் இருக்க வேண்டியதில்லை. இன்ஜினியர்களும் டாக்டர்களும் எடுத்து எழுதுகிறார்கள். ஐ.ஏ.எஸ்.ஸை மட்டும் மனசில் வைத்து பி.ஏ. தத்துவத்தில் சேர்ப்பது அனாவசியம். உங்கள் மகள் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை என்பதே எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் ‘அது என்ன படிப்பு’ என்று கேட்டால் ‘பி.ஏ.’ என்று சொன்னால் போதும்.

‘முதலில் இன்ஜினியரிங், அப்புறம் எதையும் படி’ என்று சொல்லலாமா என்கிறீர்கள். சொல்லலாம், அந்த வழி அடைபட்ட வழி இல்லை. விட்கென்ஸ்டைன் என்று ஒருவர், இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தையே புரட்டிப்போட்டவர். மான்செஸ்டரில் விமான இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவர்தான் 1911-இல் கேம்பிரிட்ஜுக்குப் போய்த் தத்துவத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், தபால் வழியில் என்றால் இக்னோ, இங்கெல்லாம் எந்தப் பட்டம் முடித்தவரும் எம்.ஏ. தத்துவத்துக்குப் போகலாம். இதை உங்கள் மகளும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வருஷம் விட்டால் போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு.

ஆனால் பிடிக்காத இன்ஜினியரிங்கில் நாலு வருஷம் உட்கார வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அரியர் வைத்துக்கொண்டு, உங்கள் மேல் வருத்தத்தையும் வைத்துக்கொண்டு வெளியே வருவாள். நடுவழி வேண்டுமென்றால் நான் சொல்வது பி.எஸ்சி. கணிதம். கணக்கில் பிடித்தம் இருக்கிற பிள்ளை என்றால், பாளையங்கோட்டையிலேயே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். கணிதமும் தர்க்கமும் அண்ணன் தம்பி மாதிரிதான். மூன்று வருஷம் கழித்தும் இதே ஆசை இருந்தால் எம்.ஏ.வுக்கு அனுப்புங்கள். சொந்தமாகச் சம்பாதிக்கவும் அந்தப் பட்டம் கைகொடுக்கும்.

நேரே பி.ஏ. தத்துவம்தான் என்றால் இடங்கள் குறைவு. சென்னையில் சில கல்லூரிகளில் உண்டு. தாம்பரத்தில் இருக்கிற சென்னைக் கிறித்துவக் கல்லூரி அதில் ஒன்று. நெல்லை எக்ஸ்பிரஸ் அந்த வழியாகத்தான் எழும்பூருக்குப் போகிறது. மெட்ராஸை விடக் கிட்டத்தில், திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது. சுந்தரம் பிள்ளை வேலை பார்த்த அதே கல்லூரி, பெயர்தான் மாறியிருக்கிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கேரளத்துக்குப் போனால் அது கிடையாது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ்தான் நிஜமான முட்டுக்கட்டை. தமிழ் மீடியத்தில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் திணறுவது பாடத்தால் இல்லை, பாஷையால். கடவுள் உண்டா என்று தமிழில் இரண்டு மணி நேரம் வாதாடுகிறவள், அதே விஷயத்தை இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தொட்டதற்கெல்லாம் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். பழகிவிடும், ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்தில் மார்க் குறைந்தால் நீங்கள் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஆரம்பிக்கக் கூடாது.

சரி, சோதனை. ‘ஏன் இதைப் படிக்கணும்?’ என்று இனிமேல் அவளிடம் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் அதற்கு ஒரு நல்ல பதிலைத் தயார் செய்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். பழைய கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ எழுதிய சின்ன உரையாடல் ஒன்று இருக்கிறது, யூத்திஃப்ரோ என்று பெயர். ஒரே நாளில் படித்துவிடலாம், இணையத்தில் இங்கிலீஷில் இலவசமாகவே கிடைக்கிறது. தன் தகப்பன் மேலேயே கொலை வழக்குப் போட வந்து நிற்கிற ஒரு மகனை சாக்ரடீஸ் கோர்ட் வாசலில் மடக்கிப் பேசுகிற கதை. பயப்படாதீர்கள், சாக்ரடீஸ் அந்த மகனைத்தான் போட்டு வாங்குகிறார். நடுவில் ஒரு கேள்வி வரும்: ஒரு காரியம் நல்லது என்பதால் சாமிக்குப் பிடிக்கிறதா, சாமிக்குப் பிடிக்கிறது என்பதால் அது நல்லது ஆகிறதா?

அந்த இடத்தில் சாக்ரடீஸ் வைக்கிற வாதத்தைப் பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள். தன் கருத்தை எழுத வேண்டாம், அது யாருக்கும் வேண்டாம் இப்போதைக்கு. சாக்ரடீஸ் முதலில் என்ன சொன்னார், அதிலிருந்து அடுத்தது எப்படி வந்தது, எதிராளி எந்த இடத்தில் ‘ஆமாம்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான். சுவாரசியமான வேலை இல்லை. திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும், எழுதியதைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

ஒரு வாரம் கொடுங்கள். இரண்டாம் நாளே ‘போர் அடிக்குது’ என்று வைத்துவிட்டால் பி.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பம் போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியது கேள்வி மட்டும்தான், அதைக் கணக்குப் படித்துக்கொண்டும் கேட்கலாம். ஐந்தாம் நாள் உங்களிடம் வந்து, ‘அப்பா, இந்த இடத்தில் அவர் அந்தாளை ஏமாத்திட்டார்னு தோணுது’ என்று சொன்னாள் என்றால் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுங்கள். கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு நீங்களும் கூடப் போய் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வாருங்கள். கல்லூரி விண்ணப்பங்கள் பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டியே ஆரம்பித்துவிடுகின்றன, அதனால் கணிதத்துக்கும் தத்துவத்துக்கும் இரண்டுக்குமே இப்போதே போட்டு வைப்பது நல்லது.

அவள் எழுதுகிற பத்து வரியை எனக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். தமிழில் எழுதினால் போதும். அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும், நகல் எடுத்து எழுத வேண்டாம்.